காலுக்கு அளவெடுத்தவர்கள்

தமிழ்நாட்டு வாசகர்கள் ‘ஷூ’ என்று சொல்வதை யாழ்ப்பாணத்தவராகிய நாம் ‘சப்பாத்து’ என்கிறோம். இது போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய அவர்கள் 1658 இல் அதனை ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். நாற்பது ஆண்டுகள்கூட நிலைக்காத அந்த ஆட்சிக்குப் பின்னரும் மேசையும் அலுமாரியும் ஜன்னலும் சப்பாத்தும் எமது நாவில் நிலைத்துவிட்டன. சொல் வந்த வேகத்தில் பொருள் வரவில்லை. வயலில் சேறு, கரையில் மணல், வீட்டு வாசலில் படி, கோயிலில் வீதி என்று செருப்பைக் கழற்றிவிட வேண்டிய இடங்களே எமது வாழ்வில் அதிகம். பாடசாலைக்கும் கந்தோருக்கும் தேவாலயத்துக்கும் மாத்திரம் சப்பாத்து உரியதாக இருந்தது. அது காலைக் கடித்தால் வீடு வரும்வரை பொறுத்துக்கொண்டு, வந்ததும் உதறி எறிந்தார்கள். காலுக்கு அளவெடுப்பது ஒரு கலை என்று எண்ணவேண்டிய தேவை எவருக்கும் எழவில்லை.

அந்த மண்ணிலிருந்து புறப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று சுவிற்சர்லாந்திலும் நோர்வேயிலும் கனடாவிலும் பனிச்சறுக்குப் பழகுகிறார்கள். அங்கே சப்பாத்து வாங்குவது ஒரு பெரும் விடயம். 1960களுக்கு முன்னர் பனிச்சறுக்குச் சப்பாத்துகள் தோலினால் ஆனவை. நாளடைவில் அணிபவரின் காலுக்கு வளைந்து கொடுத்தவை. அமெரிக்கரான பொப் லாங்கே அந்தத் தசாப்தத்தில் பிளாஸ்ரிக் ஓட்டினாற் சப்பாத்துச் செய்ததோடு நிலைமை மாறியது. ஓடு வளையாது, ஆகவே முதல் நாளிலேயே கால் அதற்குப் பொருந்தியிருக்க வேண்டும். பாதத்தின் நீளத்தைச் சென்ரிமீற்றரிலும், ஓட்டின் முன்பகுதி அகலத்தை மில்லிமீற்றரிலும் குறிப்பிடுகிறார்கள். 97, 98 என்றால் ஒடுங்கியது, 100 நடுத்தரம், 102 உம் அதற்கு மேலும் அகலம். ஆனால் அகலம் மட்டும் கணக்கல்ல. மெலிந்த கணுக்காலும் தாழ்ந்த புறங்காலும் உடையவரின் பாதம், நீளம் சரியாக இருந்தாலும் ஓட்டின் உள்ளே நிரம்பாது. அது வழுக்கும், குதி மேலே எழும்பும். அதனை நிறுத்துவதற்காகக் கொளுவிகளை இறுக்குவார்கள். இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கால் விறைக்கும். கால் நோகிறது, சப்பாத்து சிறிது போலும் என்று எண்ணி அடுத்த முறை இன்னும் பெரியதை வாங்குவார்கள். நோவு கூடும்.

அனுபவமுள்ள கடைக்காரர் வேறு விதமாகப் பார்ப்பார். உள்மெத்தையை வெளியே எடுத்துவிட்டு, வெறும் ஓட்டினுள் காலை வைக்கச் சொல்வார். விரல் நுனி முன்னே முட்டும்போது குதிக்குப் பின்னால் ஒரு விரல், மிஞ்சினால் இரண்டு விரல் இடைவெளியே இருக்கலாம். பிறகு மெல்லிய காலுறை ஒன்று. தடித்த உறை பொருத்தத்தைக் கெடுக்கும். உள்மெத்தையைச் சூடாக்கிக் காலின் வடிவத்துக்கு அமர்த்துவார். எங்கேனும் எலும்பு முட்டினால் அந்த இடத்து ஓட்டையும் சூடாக்கி வெளியே தள்ளுவார். எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் நாள் சுகமாக இருக்கும் சப்பாத்தை வாங்காதே என்பார். ஏனெனில், சில நாட்களில் உள்மெத்தை அமர்ந்து சுருங்கும், சுகமானது தளர்ந்துவிடும்.

பனிமலைச் சப்பாத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் என்ன உறவு என்று வாசகர்கள் கேட்கலாம். வளையாத ஓட்டினுள் உயிருள்ள காலை வைத்து, உடலின் முழுப் பாரத்தையும் அதன்மீது இறக்கும் இதே சிக்கலை யாழ்ப்பாணத்தில் ஒரு பட்டறை 1987 முதல் தீர்த்து வந்திருக்கிறது. வேறுபாடு ஒன்றுதான். அங்கு வந்தவர்களுக்குப் பாதம் இல்லை.

அந்தக் கதையை ராஜஸ்தானில் இருந்து தொடங்க வேண்டும். ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் வைத்தியசாலையில் நோயாளருக்குக் கைவினை கற்பித்துவந்தவர் ராம் சந்திர சர்மா. நான்காம் வகுப்போடு படிப்பை விட்ட சிற்பக் கைவினைஞர். அதே வைத்தியசாலையில் எலும்பு முறிவு நிபுணராக இருந்தவர் பி. கே. சேத்தி. காலிழந்தவர்களுக்கு வழங்கப்பட்ட மேனாட்டுச் செயற்கைக் கால்கள் சில வாரங்களில் மூலையிற் கிடப்பதை இருவரும் கண்டார்கள். அந்தக் கால்களில் பழுது எதுவும் இல்லை. அவை சப்பாத்துக்குள் நுழைப்பதற்கென்றே செய்யப்பட்டவை என்பதே காரணம். 1950களில் கலிபோர்னியாவின் பேர்க்லியில் உருவாக்கப்பட்ட பாதம் ஒன்று அக்காலத்தில் உலகெங்கும் பரவியிருந்தது. நடுவே அசையாத மரம், குதியில் மெத்தை. சப்பாத்துக் குதியின் உயரத்தைக் கணக்கிட்டே அதனைப் பொருத்துவார்கள். சப்பாத்தைக் கழற்றி வெறுந்தரையில் நின்றால் குதி தாழ்ந்து, முழங்கால் பின்னே தள்ளப்பட்டு, உடல் பின்புறமாகச் சாயும். குந்த முடியாது, சப்பணமிட முடியாது. சேற்றில் இறங்கினால் சப்பாத்தும் ஊறும், மரமும் ஊறும். இந்த நாட்டவருக்கு வேண்டியது சப்பாத்துக்கு ஏற்ற பாதமன்று. வெறுங்காலாக நடக்கக்கூடிய பாதம்.

ராம் சந்திர சர்மா சைக்கிள், லொறி ரயர்களைப் புதுப்பிக்கும் தெருவோரக் கடைகளில் வேலை நடப்பதைப் பார்த்து, இறப்பரில் வழி கண்டார் என்று சொல்வார்கள். 1968 இல் உருவான ஜெய்ப்பூர்ப் பாதத்தில் குதிக்கும் முன்பாதத்துக்கும் நுண்துளை இறப்பர், கணுவில் மரத்துண்டு, இவற்றைச் சுற்றி ரயர் நூல் பொதிந்த இறப்பர், மேலே தோலின் நிறத்தில் ஓர் உறை. விரல்கள்கூட வடித்திருக்கும். எப்பக்கமும் மடியும், நீரில் ஊறாது. சேத்திக்கு 1981 இல் மக்சேசே விருது கிடைத்தது. அதே ஆண்டில் திருச்சிக்கு அருகே பேருந்து விபத்தில் காலை இழந்த நடனமணி சுதா சந்திரன், ஜெய்ப்பூர்க் காலோடு 1984 இல் மீண்டும் மேடையேறினார். அவரே நடித்த ‘மயூரி’ திரைப்படத்தால் இந்தப் பெயர் தமிழர் வீடுகள் தோறும் அறிமுகமாயிற்று.

நுண்துளை இறப்பரைப் பற்றி இடையில் ஒரு வார்த்தை. அதன் பெருமையில் வேலூருக்கும் பங்குண்டு. 1946 இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த போல் பிராண்ட், தொழுநோயாளரின் பாதம் நோயினால் அழுகுவதில்லை என்பதை நிறுவினார். உணர்ச்சியற்ற பாதம் அழுத்தத்தை அறிவதில்லை. பொருந்தாத செருப்பும் தொடர்ந்த நடையுமே புண்ணுக்குக் காரணம். அழுத்தத்தைப் பரவலாக்க, மெதுமையான நுண்துளை இறப்பரில் வேலூரிலும் கரிகிரியிலும் செருப்புகள் செய்யப்பட்டன. செருப்பின் பொருத்தம் மருத்துவமாக மதிக்கப்பட்ட இடங்களுள் தமிழ்நாடு முன்னிற்பது, நாம் போதிய அளவு பேசாத ஒரு பெருமை.

இலங்கைக்கு வருவோம். ‘பிறெண்ட் இன் நீட் சொசைற்றி’ என்ற பெயரில், ஆபத்துக்கு உதவும் நண்பர் என்ற பொருளில், ஆங்கிலேயர் காலத்திலேயே தரும சங்கங்கள் இங்கு இருந்தன. கொழும்புச் சங்கம் 1831 இல் தோன்றியது. யாழ்ப்பாணத்தில் அரசாங்க அதிபர் டைக் 1850 இல் நிறுவிய வைத்தியசாலையை நடத்தியதும் இவ்வாறான சங்கமே. 1907 இல் அரசு அதனைப் பொறுப்பேற்றது. நாம் பெரியாஸ்பத்திரி என்று சொல்லும் இன்றைய போதனா வைத்தியசாலை அதுவே. மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் உடற்கூற்றையும் சத்திரசிகிச்சையையும் தமிழில் நூல்களாக்கி, தமிழிலேயே வைத்தியர்களை உருவாக்கினார். ஆகவே எலும்பையும் தசையையும் தமிழிற் பேசுவது யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. கொழும்புச் சங்கம் 1985 இல் ஜெய்ப்பூர்க் கால் செய்யத் தொடங்கியது. 1987 இல் யாழ்ப்பாணத்திலும் ஜெய்ப்பூர் நிலையம் தொடங்கிற்று.

அந்த ஆண்டு எப்படிப்பட்டது என்பதை நினைவூட்ட வேண்டியதில்லை. மே மாதத்தில் வடமராட்சி மீது இராணுவ நடவடிக்கை, ஜூலையில் இந்திய இலங்கை உடன்படிக்கை, ஒக்ரோபரில் இந்திய இராணுவத்துடனான போர். ஒக்ரோபர் 21, 22 ஆகிய நாட்களில் பெரியாஸ்பத்திரிக்குள்ளேயே வைத்தியர்களும் தாதியரும் நோயாளரும் கொல்லப்பட்டார்கள். காலிழந்தோருக்கான ஒரு நிலையம் பிறப்பதற்கு இதைவிடக் கொடிய ஆண்டு இருந்திருக்க முடியாது. இதைவிடத் தேவையான ஆண்டும் இருந்திருக்க முடியாது.

‘மிதிவெடியில் சிக்கி ஒரு காலை இழந்தார்.’ பத்திரிகையில் விடயம் இந்த ஒரு வரியோடு முடிந்துவிடும். வைத்தியசாலையில் அங்கேதான் தொடங்கும். உள்ளங்கைக்குள் அடங்கும் பாகிஸ்தான் தயாரிப்பான பீ-4, மரப்பெட்டிக்குள் வைத்த ‘ஜொனி’ போன்றவை ஆளைக் கொல்வதற்கன்றிப் பாதத்தைப் பறிப்பதற்கே பெரிதும் பயன்பட்டவை. வெடிக்கும்போது மண்ணும் புல்லும் அணிந்திருந்த செருப்பின் துண்டுகளும் தசைக்குள் மேல்நோக்கிச் செலுத்தப்படும். அழுகல் ஏறாதிருக்க, சத்திரசிகிச்சை நிபுணர் காயத்துக்கு மேலே, நல்ல தசை உள்ள இடத்தில் அறுப்பார். இழந்தது பாதம் மட்டுமாயினும் பலருக்கு எஞ்சுவது முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் அளவுதான்.

அந்த எஞ்சிய காலை ஏந்துவது ‘கிண்ணம்’. செயற்கைக் கால் என்றதும் எல்லோரும் பாதத்தையே பார்க்கிறார்கள். நடையைத் தீர்மானிப்பது கிண்ணமே. எஞ்சிய காலின் நுனி பாரம் தாங்காது. முழங்காற் சிரட்டைக்குக் கீழேயுள்ள தடித்த தசைநார் தாங்கும். பக்கங்களிலுள்ள தசை ஓரளவு தாங்கும். கணைக்கால் எலும்பின் கூரிய விளிம்பும் வெளிப்புறச் சிற்றெலும்பின் தலையும் தொட்டாலே நோகும். பாரத்தைத் தாங்கும் இடத்தில் அழுத்தியும், தாங்காத இடத்தில் விலகியும் கிண்ணம் அமைய வேண்டும். முதலில் எஞ்சிய காலின் மேல் மெல்லிய உறை மாட்டி, எலும்பு முட்டும் இடங்களை அழியாத பென்சிலால் அடையாளமிடுவார்கள். நனைத்த பிளாஸ்ரர் துணியைச் சுற்றி, இறுகியதும் கழற்றுவார்கள். அதனுள் பிளாஸ்ரர் சாந்தை ஊற்றினால் காலின் பிரதி கிடைக்கும். பென்சில் அடையாளங்களும் அதில் பதிந்திருக்கும். இனித்தான் தொழில். பாரம் தாங்கும் இடத்தில் பிரதியைச் சுரண்டி எடுக்க வேண்டும். நோகும் இடத்தில் சாந்து பூச வேண்டும். சில மில்லிமீற்றர் கூடினாலோ குறைந்தாலோ, ஒரு மனிதர் நடப்பாரா இருப்பாரா என்பது மாறிவிடும். பிறகு சூடாக்கிய பிளாஸ்ரிக்கைப் பிரதியின்மேல் இழுத்துக் கிண்ணம் வார்ப்பார்கள். ஜெய்ப்பூரில் தொடக்கத்தில் அலுமினியத் தகட்டை அடித்து வளைத்தார்கள். பின்னர் நீர்ப்பாசனத்துக்குப் பயன்படும் தடித்த பொலித்தீன் குழாயைச் சூடாக்கிப் பயன்படுத்தினார்கள்.

முதற் கிண்ணம் மாட்டிச் சிறிது தூரம் நடந்ததும் கழற்றித் தோலைப் பார்ப்பார்கள். சிவந்திருக்கும். பாரம் தாங்கும் இடம் சிவந்து சில நிமிடங்களில் மறைந்தால் நல்லது. எலும்பின்மேல் சிவந்து, பத்து நிமிடம் கழித்தும் மறையாவிட்டால் கிண்ணம் தவறு.

இத்தனை பாடுபட்டுச் செய்த கிண்ணம் நிலைப்பதுமில்லை. வேலையற்ற தசை வற்றும், வீக்கம் வடியும். முதல் மாதங்களில் எஞ்சிய கால் மெலிந்துகொண்டே போகும். பனிச்சறுக்குச் சப்பாத்தில் உள்மெத்தை சுருங்குகிறது. இங்கே காலே சுருங்குகிறது. கிண்ணம் தளரும், எலும்பின் நுனி அடியில் இடிக்கும். பருத்தி உறையை ஒன்றுக்கு இரண்டாக, இரண்டுக்கு மூன்றாக அணிந்து நிரப்பலாம். அதற்கும் எல்லை உண்டு. பிறகு புதிய கிண்ணம் வேண்டும். வளர்ந்தவருக்குச் சராசரியாக 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை காலை மாற்ற வேண்டும். வளரும் பிள்ளைக்கு 6 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறை. பத்து வயதிற் காலிழந்த பிள்ளை இருபது வயதை எட்டுவதற்குள் பத்துக்கும் மேற்பட்ட கால்களைப் பார்த்துவிடும்.

ஆகவே, காலிழந்தவருக்கு ஒரு காலைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போவது பாதி உதவிகூட அன்று. ஒரே நாளில் அளவெடுத்து அன்றே மாட்டிவிடும் பெருமுகாம்களால் நடக்கத் தொடங்கியவர்கள் ஏராளம். அதனை மறுக்க மாட்டேன். ஆனால் சர்வதேசச் செயற்கை உறுப்பு வல்லுநர்கள் ஜெய்ப்பூர் முறையின் பாதத்தைப் புகழ்ந்து, அவசரத்திற் செய்த கிண்ணங்களைக் குறை கூறியது நியாயமான விமர்சனமே. வெளிநாடுகளிற் கழித்த கால்களைச் சேகரித்து அனுப்பும் வழக்கமும் இருக்கிறது. பாதத்தையும் இணைப்புகளையும் பிரித்துப் பயன்படுத்தலாம். கிண்ணத்தைக் குப்பையிற் போடத்தான் வேண்டும். அது ஒருவரின் காலுக்கு மாத்திரம் உரியது. காலிழந்தவருக்கு வேண்டியது, மறுமுறை போகும்போதும் திறந்திருக்கும் ஒரு பட்டறை.

யாழ்ப்பாணத்தில் அப்படி ஒரு பட்டறை திறந்திருந்தது என்பதன் அருமை இங்கேதான் புரியும். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. எரிபொருள், பற்றரி, சீமெந்து எல்லாம் தடை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம். கிண்ணம் வார்ப்பதற்கோ வெப்பம் வேண்டும், பிளாஸ்ரர் வேண்டும், இறப்பர் வேண்டும். 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் செம்மணி கடந்து தென்மராட்சிக்கு நடந்தார்கள். மழைக்குள், நகர இடமில்லாத நெரிசலில், செயற்கைக் காலோடு நடந்தவர்களும் ஊன்றுகோலோடு நடந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். தளர்ந்த கிண்ணத்தோடு அத்தனை தூரம் நடப்பது என்றால் என்னவென்று மேலே சொன்னதிலிருந்து வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். 1996 இல் ஒரு பகுதியினர் திரும்பினார்கள்; ஏனையோர் வன்னிக்குப் போனார்கள். வன்னியில் ‘வெண்புறா’ நிறுவனம் இதே பணியைச் செய்தது. ஒரே ஊர்க்காரர் இருவர், ஒருவர் யாழ்ப்பாணத்திலும் மற்றவர் வன்னியிலுமாக, இரண்டு பட்டறைகளிற் கால் மாட்டிக்கொண்ட காலம் அது.

2002 பெப்ரவரி 22 இல் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. ஏப்ரலில் ஏ-9 பாதை திறந்தது. வீடு பார்க்கப் போனவர்கள் வளவுக்குள் மிதிவெடியை மிதித்தார்கள். சமாதானம் வந்த ஆண்டிற் கால்கள் போயின. நாகர்கோவில், எழுதுமட்டுவாள், முகமாலை என்று முன்னரங்கு நின்ற இடங்களெல்லாம் வெடிகளால் விதைக்கப்பட்டிருந்தன. ஹலோ ட்ரஸ்ற் போன்ற நிறுவனங்கள் அவ்வாண்டிலேயே அகற்றும் பணியைத் தொடங்கின. 2006 ஓகஸ்ற்றில் பாதை மீண்டும் மூடப்பட்டது. 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில்தான் இணைந்தது. அது விதித்த காலக்கெடு 2028 ஜூன். முகமாலை மண்ணை அங்குலம் அங்குலமாகக் கிளறியவர்களில் எமது பெண்கள் பலர். கணவனை இழந்து குடும்பத்தைத் தாங்கியவர்களும் அவர்களுள் உண்டு. அவர்களைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

இதற்கிடையில், காலிழப்பதற்கான காரணமும் மாறிவந்திருக்கிறது. போர் முடிந்தபின் வெடியைக் காட்டிலும் நீரிழிவே கால்களைப் பறிக்கிறது. வேலூரில் போல் பிராண்ட் தொழுநோயாளரிடம் கண்டதுதான் இங்கும் நடக்கிறது: நரம்பு மரத்துப்போன பாதம் செருப்புக் கடிப்பதை அறியாது, சிறு கொப்புளம் புண்ணாகி, புண் எலும்பைத் தொட்டு, ஒரு நாள் சத்திரசிகிச்சைக் கூடத்தில் முடியும். ஒரு காலை இழந்தவருக்கு மற்றக் காலின்மேல் பாரம் கூடுவதால் அதற்கும் ஆபத்து அதிகம்.

ஆகவே யாழ்ப்பாணத்தில் என்றாலும் ரொறன்ரோவில் என்றாலும், வீட்டில் நீரிழிவுக்காரர் இருப்பின், அவருக்குச் செருப்போ சப்பாத்தோ வாங்கப் போகும் நேரம் பின்னேரமாக இருக்கட்டும். அந்நேரத்திற் கால் சற்று வீங்கியிருக்கும். இரண்டு பாதங்களையும் நின்றபடியே அளக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே அளவாக இருப்பது அரிது. உள்ளே கையை விட்டுத் தையலும் ஆணியும் முட்டுகின்றனவா என்று தடவிப் பாருங்கள். முதல் நாள் ஒரு மணித்தியாலம் மாத்திரம் அணியச் செய்து, கழற்றி, நல்ல வெளிச்சத்தில் தோலைப் பாருங்கள். சிவப்பு பத்து நிமிடத்தில் மறையாவிட்டால், புதிது என்றும் விலை கூடியது என்றும் பாராமல் அதனைக் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள்.